மூன்றாம் அடுக்கில் ஒரு பெயர்

ஊட்டியில் துவைத்த துணி எப்போது காயும் என்று சமவெளிக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை காலையில் துவைத்த புடவையை மத்தியானம் மடித்து வைத்துவிடுகிறாள். நான் இங்கே வாரத் தொடக்கத்தில் துவைத்ததை வாரக் கடைசியில் அடுப்புக்குப் பக்கத்தில் காட்டி, இஸ்திரிப் பெட்டியை வைத்து மிரட்டித்தான் உடுத்துகிறேன். அதிலும் நம் பள்ளிக்கூடத்தின் கீழ் லைன் குவார்ட்டர்ஸ் இருப்பது பள்ளத்தில். தேயிலைச் சரிவிலிருந்து இறங்கும் பனிமூட்டம் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போக அதற்கு மனம் வராது. சுவர் வியர்க்கும். அலமாரியில் வைத்த செருப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும்.

அலீனா மேடம், இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. வேலைக்கு வந்த நாள் முதல் அந்த லைனில்தான் இருக்கிறேன். நாள் முழுக்க வெயில் விழும் மேல் வீடு காலியானபோதுகூட நான் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. பிரின்சிபால் என்ற முறையிலும் விசாரணைக் குழுவின் தலைவர் என்ற முறையிலும் நீங்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

நீங்கள் டைப் செய்து அனுப்பிய வாக்குமூலம் கிடைத்தது. ‘பட்டியலுக்குள் பட்டியல் இருப்பதை மென்பொருள் திரையில் தெளிவாகக் காட்டாத காரணத்தால், கணித ஆசிரியை வேலாமணி குழப்பமடைந்து, குலுக்கலில் ஒரு பெயர் தவறுதலாக விடுபட்டுவிட்டது’ என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். இதில் கையெழுத்துப் போட்டால் ஓர் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றும் சொல்லி அனுப்பினீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போட முடியாது. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அணிகளும் அணிக்கோவைகளும் நடத்துகிற ஒருத்தி, அடைப்புக்குறிக்குள் இன்னொரு அடைப்புக்குறியைப் பார்த்துக் குழம்பிப்போனாள் என்று ஊர் சிரிக்க நான் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? நான் குழம்பவில்லை. பெயர் தவறுதலாக விடுபடவும் இல்லை. நான்தான் விட்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். புரியாவிட்டால் நிறுத்திக் கேட்கலாம், வகுப்பில் நான் யாரையும் திட்டியதில்லை.

குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு என்றாலே நம் ஆட்களுக்குள் அடிதடிதான். போன தடவை சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். ஜெயித்த சீட்டை முன்னாலேயே ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஜில்லென்று இருப்பதைத் தடவிப் பார்த்து எடுத்துவிட்டார்கள் என்று பி.டி. மாஸ்டர் கருப்புசாமி புகார் கிளப்பினார். ஊட்டியில் ஃபிரிட்ஜில் வைக்காத சீட்டும் ஜில்லென்றுதான் இருக்கும் என்று நான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டு விஷயத்தில் யாருக்கும் நகைச்சுவை உணர்ச்சி இருப்பதில்லை. அதனால்தான் இந்தத் தடவை கம்ப்யூட்டரே எடுக்கட்டும் என்று நான் யோசனை சொன்னதும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ப்ளஸ் டூ வகுப்புக்காகப் பள்ளி வாங்கிய அல்ஜிப்ரா மென்பொருள் என் லேப்டாப்பில் இருக்கிறது. சமன்பாடு கொடுத்தால் தீர்க்கும். கோவை கொடுத்தால் காரணிப்படுத்தும். ஒரு பட்டியலைக் கொடுத்து ஏதாவது ஒன்றை எடு என்றால் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் எடுக்கும். ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பட்டியலுக்குள் பட்டியல் வைத்து, அதை அட்டவணையாகக் காட்டு என்று கேட்டால், அடைப்புக்குறிகளையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் பரப்பி வைக்கும். முதல் அடுக்கில் இருப்பதை மேலிருந்து கீழாகப் போடும். இரண்டாம் அடுக்கைக் குறுக்கே போடும். மூன்றாம் அடுக்கு வந்ததும் போட வேறு திசை இல்லாமல் மறுபடியும் மேலிருந்து கீழாகவே போட்டுவிடும். ஆகவே, மூன்றாம் அடுக்கில் ஒளிந்திருக்கும் ஒரு பெயரும் முதல் அடுக்கில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெயரும் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே எழுத்தில், சரிசமமாக நிற்கும்.

இந்தப் பழக்கத்தால் எனக்கே ஒரு முறை அவமானம் நடந்தது. வகுப்பில் புரொஜெக்டரில் ஓர் அட்டவணையைக் காட்டி, ‘இப்போது முதல் உறுப்பை மட்டும் எடுப்போம்’ என்றேன். திரையில் முதலில் தெரிந்தது ஒற்றை எண். அது எடுத்துக் கொடுத்ததோ ஒரு கொத்து எண்கள்.

“மிஸ், ஒரு பழம் கேட்டா தாரையே அறுத்துக் குடுக்குதுங்க” என்றாள் ஸ்வேதா என்கிற மாணவி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கோடை விடுமுறையில் தங்கை வீட்டுக்குக்கூடப் போகாமல் அந்த மென்பொருளோடு உட்கார்ந்து, எத்தனை அடுக்கு வைத்தால் எப்படிக் காட்டும் என்று அக்குவேறு ஆணிவேறாகக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் சார் அஸ்வந்த் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், இந்த டிஸ்ப்ளேய மட்டும் நம்பிராதீங்க. அடைப்புக்குறியோட காட்டச் சொல்லிப் பாத்தாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்” என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். சின்னப் பையன் என்றாலும் விவரமானவர்.

குலுக்கலுக்கு நான் செய்த ஏற்பாடு மிகவும் எளிமையானது. ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு டப்பா. டப்பாக்களில் ஏதாவது ஒன்றை எடு, அதில் மேலே இருக்கும் பெயரைச் சொல், அவ்வளவுதான் கட்டளை. எல்லோருடைய டப்பாவிலும் ஒரே பெயர். விஜயாவுக்கு மட்டும் தனி டப்பா இல்லை; அலுவலகக் கணக்காளர் தரணிதரனின் டப்பாவில் அவருடைய பெயரும் அதற்குக் கீழே விஜயாவின் பெயரும். அந்த டப்பா வராவிட்டால் விஜயாவுக்கு வீடு இல்லை. அந்த டப்பா வந்தாலும் மேலே இருப்பவர் தரணிதரன், அப்போதும் விஜயாவுக்கு வீடு இல்லை. ஆனால் திரையில் எல்லாப் பெயர்களும் இருக்கும். வரி இடைவெளி அந்த இடத்தில் மயிரிழை குறைந்தது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், அதுவும் சரியாகிவிட்டது.

விஜயா யார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை செய்கிறாள், அவளுடைய கணவர் பாலகுமார் பள்ளி வேன் ஓட்டுகிறார். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், அவள் பிறந்தது கீழ் கோத்தகிரிப் பக்கம். கீழ் லைனில் எனக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, மனிஷா. பிறந்ததிலிருந்தே நெஞ்சுச் சளி, இழுப்பு. மழை தொடங்கினால் அந்தக் குழந்தை ஒவ்வொரு மூச்சையும் கடன் கேட்டு வாங்குவதுபோல் வாங்கும். ஈரமில்லாத வீட்டில் வைத்திருந்தால் குழந்தை தேறிவிடும், இப்படியே விட்டால் ஒருநாள் ஆபத்தாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்லும்போது நானும் கூடவே இருந்தேன். அதனால்தான் அவர்கள் மேல் வீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். நன்றாகவே எழுதினேன்.

குலுக்கல் அன்றைக்கு ஹாலில் எல்லோரும் கூடியிருந்ததை நீங்களே பார்த்தீர்கள். விஜயா வேலைக்கு நடுவில் கை துடைத்துக்கொண்டு ஓடி வந்து நின்றாள்.

“மிஸ், எம்பேரு இருக்குதுங்களா?”

“நீயே பாரேன்” என்றேன். அவள் திரைக்குப் பக்கத்தில் போய், தன் பெயரைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் ஊர்க்காரரான தரணிதரன் தன் பெயருக்குக் கீழேயே அவள் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க மிஸ், நான் கோயம்புத்தூருன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டீங்களா? நம்ம ஊருக்காரங்களப் பாத்துப் பண்ணச் சொல்லுங்க” என்று கேலி பேசினார். பாவம், அந்தக் கேலிதான் பிறகு அவர் தலையில் விடிந்தது. பொத்தானை யார் அழுத்துவது என்று பேச்சு வந்தபோது, தாய்மார் கை ராசியான கை, விஜயாவே அழுத்தட்டும் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். திரையில் தரணிதரன் பெயர் வந்தது.

அவள் அழவில்லை. “அவருக்காவது கெடச்சுதே மிஸ்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நல்ல பெண். அவளைப்பற்றி எனக்கு எந்தக் காலத்திலும் ஒரு குறையும் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அஸ்வந்த் தன் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக என் கோப்பை வாங்கினார். நானும் யோசிக்காமல் கொடுத்தேன், அது என் கர்வம். பட்டியலில் எத்தனை உறுப்புகள் என்று அவர் கேட்க, திரையில் தெரிந்த பெயர்களைவிட ஒன்று குறைவாக மென்பொருள் சொல்லியிருக்கிறது. அவர் பதறிப்போய் உங்களிடம் ஓடி வந்து, டிஸ்ப்ளே பண்ணிய குழப்பம் இது, இந்த மென்பொருளில் யார் வேண்டுமானாலும் ஏமாறுவார்கள் என்று எனக்காக வாதாடியதாகக் கேள்வி. நல்லெண்ணத்துக்கு நன்றி. ஆனால் உங்கள் குழுவில் மற்றவர்கள் வேறு மாதிரி பேசுகிறார்களாமே. ஊர்க்காரர் என்பதால் தரணிதரனுக்கு நான் வீடு பிடித்துக் கொடுத்தேனாம். அவர் எனக்கு ஏதோ செய்தாராம். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மேடம். இந்தப் பேச்சு பெண் வீட்டார் காதுக்குப் போனால் என்ன ஆகும்? தரணிதரனுக்கு இதில் துளியும் சம்பந்தமில்லை. மற்ற எவருக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்ததோ, அவருக்கும் அவ்வளவுதான் இருந்தது. வந்தது அவருடைய அதிர்ஷ்டம். அவர் உடனே சாவியைத் திருப்பிக் கொடுத்ததும், நீங்கள் குழந்தையின் உடம்பைக் காரணம் காட்டி விஜயாவுக்கே வீட்டைக் கொடுத்ததும் பெருந்தன்மையான காரியங்கள்.

அப்படியானால் ஏன் செய்தேன் என்றுதானே கேட்பீர்கள்.

மனிஷாவுக்கு இழுப்பு வந்தால் விஜயா எங்கள் நடுச்சுவரைத் தட்டுவாள். நான் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு நெபுலைசரை எடுத்துக்கொண்டு ஓடுவேன். குழந்தை அதைப் புகை மெஷின் என்று சொல்லும். அதை நான் வாங்கியது, ஆகவே என் வீட்டில் இருக்கும். அவர்கள் வீட்டிலேயே வைத்துவிடலாமே என்று பாலகுமார் ஒருமுறை கேட்டார். உங்கள் வீட்டு பிளக் பாயின்ட் சரியில்லை என்றேன். அவர் பிளக் பாயின்டை மாற்றினார். மெஷினுக்கு ஈரம் ஆகாது என்றேன். என் வீட்டிலும் அதே ஈரம்தான் என்பதை அவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை.

குழந்தையை மடியில் வைத்து முகமூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அது என் ஆள்காட்டி விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். “பெரியம்மா, போயிராதீங்க” என்று முகமூடிக்குள்ளிருந்து சொல்லும். அம்மா பக்கத்தில் நின்றாலும் என் விரல்தான் அதற்கு வேண்டும். எனக்குக் கல்யாணமாகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் இத்தனை வருடம் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியும் ஒரு பிள்ளைகூட என்னைப் போகாதே என்று சொன்னதில்லை. மணி அடித்தால் எனக்கு முன்னால் வாசலில் நிற்பார்கள். சுவரில் அந்தத் தட்டல் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். குழந்தை கஷ்டப்படுகிறதே என்ற சந்தோஷம் இல்லை, என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். கூப்பிடுகிறார்களே என்கிற சந்தோஷம். தட்டாத நாட்களில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, சுவரையே பார்த்துக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன்.

மேல் வீட்டுக்குப் போனால் அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சரிவு, ஒரு மைதானம், எத்தனையோ படிகள். எந்தச் சுவரைத் தட்டுவார்கள்? இழுப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? இழுப்பே வராது என்று டாக்டர் சொன்னதைத்தான் நீங்கள் எடுத்துக்காட்டுவீர்கள். டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் குழந்தையை அறிந்தவள் நான்.

விஜயா மேல் வீட்டுக்குக் குடிபோனபோது நான் பால் காய்ச்சப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் ஊர்ப் பேச்சு அவள் காதுக்குப் போயிருந்தது. அங்கே போனதிலிருந்து மனிஷாவுக்கு ஒரு தடவைகூட மூச்சு முட்டவில்லை. ஒரு சாயங்காலம் அவள் பள்ளி வாசலிலிருந்து மேட்டுக்கு, புத்தகப் பையோடு, எங்கும் நிற்காமல் ஓடியே ஏறினாள். முன்பெல்லாம் நான் தூக்கிக்கொண்டு ஏறிய மேடு அது. என்னைப் பார்த்து “டாட்டா பெரியம்மா” என்று கத்தினாள். கத்துவதற்கும் மூச்சு மீதியிருந்தது. எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. அன்று இரண்டு கவளத்துக்குமேல் சோறு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. மேல் வீட்டை மலைச்சரிவில் மண்ணை வெட்டிக் கட்டியிருப்பதால் பின்பக்கக் கூரை மேட்டு மண்ணை ஒட்டித் தாழ்ந்திருக்கும். மேட்டில் நிற்கும் ஒருவருக்குக் கை எட்டாது, குடை எட்டும். மனிஷா படுக்கும் அறைக்கு மேலே சில ஓடுகள் விலகி, மழை சுவர் வழியாக அலமாரிக்குப் பின்னால் இறங்கி, மெத்தையின் அடிப்பக்கம் நாள்கணக்கில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. ஓடுகளும் மரக்கட்டிலும் இருக்கிற அந்தப் பெரிய வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கீழ் லைனாக இருந்தால் ஈரம் எங்கே என்று மூக்கே சொல்லிவிடும்.

நேற்று மத்தியானம் விஜயா அந்த மழையில் செருப்புகூட இல்லாமல் சரிவில் ஓடி வந்து என் கதவைத் தட்டினாள்.

“மிஸ், புள்ளைக்கு முட்டுது மிஸ். ஒதடெல்லாம் நீலமாயிருச்சு. பழசெல்லாம் ஒண்ணும் பேச வேணாம், நீங்க வந்தாப் போதும்.”

மெஷினை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நான் ஏறிய வேகம் எனக்கே ஆச்சரியம். குழந்தையை மடியில் போட்டு, முகமூடியை வைத்து, பாலகுமார் வேனை எடுத்து வரும்வரை தாங்கிப் பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அது என் விரலை விடவில்லை. “கொஞ்சம் தாமதித்திருந்தால்...” என்று தொடங்கிய டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இன்று காலையில் தேறிவிட்டது. விஜயா என் தோளில் சாய்ந்து அழுதாள். என்னைச் சந்தேகப்பட்டதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். நான் மன்னித்துவிட்டேன்.

ஓடுகள் எப்படி விலகின என்று குழு என்னைக் கேட்கவில்லை. குரங்குகளின் வேலை என்று பராமரிப்பு ஆட்கள் முடிவுகட்டிவிட்டார்கள். நம் பகுதிக் குரங்குகள் ரொட்டி எடுக்கும், சோப்பு எடுக்கும், ஓடு எடுத்து நான் பார்த்ததில்லை. விடையில் ஒரு படியை விட்டுவிட்டாலும் பிள்ளைகளுக்கு மார்க் குறைப்பவள் நான், ஆகையால் என் விடையையும் முழுதாக எழுதிவிடுகிறேன். குடை என்னுடையது.

என்மேல் என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்பது உங்கள் விருப்பம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். மேல் வீட்டை ஒட்டிப் பழைய ஸ்டோர் ரூம் ஒன்று காலியாகக் கிடக்கிறது. அதை எனக்கு ஒதுக்கித் தர வேண்டும். அந்தக் குழந்தையின் உடம்பு இப்போது இருக்கிற நிலையில், அதன்மேல் அக்கறையுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விடுவது நல்லதல்ல.